குடல் அறுவைக்குப் பிறகு: நோயாளியும் வீட்டாரும் ஜமாஅத்தும் அறிய வேண்டியவை



நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் ஆகியவைதான் அதிகம். குடல் அறுவைக்கான மனு எப்போதாவது ஒன்று வரும். மற்ற மனுக்களைக் கொண்டு வருகிறவர்கள் உட்கார்ந்து, நோயாளியின் நிலைமையை விளக்கி, துஆச் செய்யச் சொல்லிவிட்டுப் போவார்கள். குடல் அறுவை மனுவைக் கொண்டு வருகிறவர் அலுவலகம் சாத்தும் நேரம் பார்த்து வருகிறார். காகிதத்தைக் கொடுத்துவிட்டு, "வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையோடு போய்விடுகிறார்.

மலம் போகும் வழியில் நோய், வயிற்றில் ஒரு பை என்பதை வெளியே சொல்லக் கூச்சம் இருப்பது இயல்புதான். ஆனால் அந்தக் கூச்சம் பல தீங்குகளைக் கொண்டுவருகிறது. அறுவை தேவைப்படும்போது தள்ளிப்போடுகிறார்கள். அறுவை நடந்த பின் பள்ளிக்கு வருவதை, விருந்துக்குப் போவதை, வேலைக்குப் போவதை நிறுத்திக்கொள்கிறார்கள். குணமாக வேண்டிய மனிதர் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறார். அறுவை பறிக்காத பலவற்றையும் வெட்கம் பறித்துவிடுகிறது. கொஞ்சம் அறிவும் வீட்டாரின் ஆதரவும் இருந்தால் அவற்றைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அந்த அறிவைத் தருவதற்கே இக்கட்டுரை.

இது என்ன நோய்?

குடல் அழற்சி நோய் என்று மருத்துவர்கள் சொல்வதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கொலைடிஸ். இது பெருங்குடலின் உட்பரப்பில், மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும் புண். மற்றது குரோன்ஸ் நோய். இது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். குடல் சுவரின் முழுத் தடிமனையும் பாதிக்கும். நியூயார்க் மருத்துவர் பர்ரில் குரோன் 1932இல் தம் சகாக்களோடு இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயர் நிலைத்தது.

இரண்டிலும் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் குடலையே தாக்குகிறது. இரத்தம் கலந்த பேதி, வயிற்று வலி, எடைக் குறைவு, சோகை, களைப்பு ஆகியவை அறிகுறிகள். நம் ஊர்களில் இதை மூலம் என்றும் சூடு என்றும் எண்ணி மாதக்கணக்கில் நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. நம் நாட்டில் குடல் காசநோயும் குரோன்ஸ் போலவே தோற்றம் காட்டும் என்பதால், சரியான பரிசோதனை இல்லாமல் மருந்து தொடங்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இரத்தப் பேதி இருந்தால் குடல் நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

இது தொற்று நோய் அல்ல. நோயாளியோடு ஒரே சஹனில் அமர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. ஒரே கழிவறையைப் பயன்படுத்தினாலும் ஒட்டாது.

அறுவை எப்போது, எதற்காக?

பெரும்பாலோருக்கு மருந்தே போதும். மருந்துக்குக் கட்டுப்படாதபோதும், குடல் வீங்கி வெடிக்கும் ஆபத்து வரும்போதும், இரத்தப்போக்கு நிற்காதபோதும், புற்றுநோய்க்கான மாற்றம் தெரியும்போதும் அறுவை தேவைப்படும். ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்தால் நோய் திரும்புகிறது, கூட்டினால் எலும்பு பலவீனமாகிறது, சர்க்கரை ஏறுகிறது என்ற நிலையில் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் மருத்துவர் அறுவையை ஆலோசனையாகச் சொல்வார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடல் தேறிய நிலையில் நாள் குறித்துச் செய்யும் அறுவையை விட, நள்ளிரவில் அவசரமாகச் செய்யும் அறுவையில் ஆபத்து அதிகம். "கத்தி வைக்க வேண்டாம்" என்று தள்ளிப்போட்டவருக்கும் கடைசியில் கத்தி வைக்கவே நேரும். அதற்குள் உடல் இளைத்துப் போயிருக்கும்.

கொலைடிஸ் நோயில் பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டால் அந்தப் புண் இருக்க இடமே இல்லை. குரோன்ஸ் நோயில் அப்படி இல்லை. கெட்டுப்போன பகுதியை வெட்டி இணைத்தாலும் நோய் வேறிடத்தில் திரும்பலாம். அதனால் அறுவைக்குப் பிறகும் மருந்தும் பரிசோதனையும் தொடர வேண்டும். புகைப்பழக்கம் குரோன்ஸ் திரும்பி வருவதை அதிகப்படுத்தும். பீடி, சிகரெட்டை அன்றோடு விட்டுவிட வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு வழிகள்

பெருங்குடலை எடுத்த பிறகு மலம் வெளியேற வழி வேண்டும். அதற்கு இரண்டு முறைகள் உள்ளன.

முதலாவது, சிறுகுடலின் முனையை வயிற்றின் வலது கீழ்ப்புறத்தில் வெளியே கொண்டுவந்து தைப்பது. இதற்கு இலியோஸ்டமி என்று பெயர். வெளியே தெரியும் சிவந்த, ஈரமான முனையை ஸ்டோமா என்கிறார்கள். அதன் மேல் ஒட்டும் பையில் கழிவு சேரும். ஸ்டோமாவைத் தொட்டால் வலிக்காது. அதில் வலியை உணரும் நரம்பு இல்லை. துடைக்கும்போது ஓரிரு துளி இரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து உள்ளேயே ஒரு பை செய்து ஆசனவாயோடு இணைப்பது. இதை லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸ், நிக்கோல்ஸ் என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1978இல் வெளியிட்டார்கள். இன்று ஜே எழுத்து வடிவில் செய்வதால் ஜே பவுச் என்று அழைக்கிறார்கள். இது வழக்கமாக இரண்டு அல்லது மூன்று கட்டமாக நடக்கும். நடுவில் சில மாதம் வெளிப்பை இருக்கும். எல்லாம் முடிந்து உடல் பழகிய பின் மலம் இயல்பான வழியில் போகும். ஆனால் முன்போல ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, இரவில் ஒரு தடவை என்பது சாதாரணம். ஜே பவுச் வைத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எப்போதாவது அந்த உள்பையில் அழற்சி வரும். பேதி திடீரென அதிகமானால், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் ஆன்டிபயாடிக் மருந்தில் சரியாகிவிடும். குரோன்ஸ் நோயாளிகளுக்கு இந்த முறையைப் பொதுவாகச் செய்வதில்லை.

எது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: இரண்டிலும் மக்கள் நன்றாக வாழ்கிறார்கள். நோயோடு போராடிய நாட்களை விட அறுவைக்குப் பிந்திய வாழ்க்கை மேலானது என்றே இரு வகையினரில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். வயது, வேலை, உடல்நிலை, குழந்தை பெறும் எண்ணம் ஆகியவற்றை வைத்து மருத்துவரோடு கலந்து முடிவெடுக்க வேண்டும்.

நம் வீட்டு இளைஞர்களுக்குக் கால்பந்து பிடிக்கும். மான்செஸ்டர் யுனைடெட் அணியின் டேரன் பிளெட்சருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் இருந்தது. 2013 ஜனவரியில் அறுவை செய்துகொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் மைதானத்துக்குத் திரும்பினார். பிறகு வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணிக்குக் கேப்டனாகவும் ஆடினார். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்குக் குரோன்ஸ் நோய்க்காக 1956 ஜூனில் குடல் அறுவை நடந்தது. அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் வென்று இரண்டாம் முறை பதவியேற்றார்.

தண்ணீரும் உப்பும்

பெருங்குடலின் முக்கிய வேலை கழிவிலிருந்து தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி உடலுக்குத் திருப்பித் தருவது. அது இல்லாதபோது இரண்டும் வெளியே போகும். இலியோஸ்டமி வைத்தவருக்கு முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேலும் கழிவு வரலாம். பழகிய பிறகு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, கூழ் பதத்தில் வரும். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அது எச்சரிக்கை.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. தாகம் எடுக்கிறது என்று வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிக்கக் கூடாது. உப்பு இல்லாத தண்ணீர் கழிவை இன்னும் அதிகப்படுத்தி, உடலிலுள்ள உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் குறித்த அளவு தண்ணீரில் கரைத்துக் குடிப்பது நல்லது. அது கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொள்ளலாம். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் நல்லவை. இளநீரில் சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பக் கூடாது. இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

தலைசுற்றல், கால் சதை இழுத்துப் பிடித்தல், சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போதல் ஆகியவை உடல் வற்றுகிறது என்பதற்கு அடையாளம். சித்திரை வெயிலில் வேலை செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

சாப்பாடு

முதல் ஆறு வாரம் குழைந்த சோறு, இட்லி, தயிர், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, மீன் போன்ற நார் குறைந்த உணவு. பிறகு ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பார்க்கலாம். சோறும் வாழைப்பழமும் கழிவைக் கெட்டிப்படுத்தும். தேங்காய்ச் சில், மக்காச்சோளம், வேர்க்கடலை, காளான், ஆரஞ்சுச் சுளையின் தோல், நார் அதிகமுள்ள கீரைத் தண்டு ஆகியவை குடலின் குறுகிய வாயை அடைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டே தீர வேண்டும் என்றால் குறைவாக, நன்றாக மென்று சாப்பிட வேண்டும். பிரியாணிக் கறியும் அப்படியே. சாப்பாட்டை ஒரே வேளையில் நிறைத்துக்கொள்ளாமல் பிரித்துச் சாப்பிட்டால் சுகம்.

நான்கு முதல் ஆறு மணி நேரம் பையில் ஒன்றும் வராமல், வயிறு முறுக்கி வலித்து, வாந்தியும் வந்தால் அது அடைப்பு. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேதி மருந்து கொடுக்கவே கூடாது. ஸ்டோமா கருத்துப் போனாலும் உடனே போக வேண்டும். வேறு நோய்க்கு மருத்துவரைப் பார்க்கும்போது பெருங்குடல் எடுத்ததைச் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரைகள் சில கரையாமலே பைக்கு வந்துவிடும்.

பையும் தோலும்

பழைய காலத்தில் ஸ்டோமாவை வயிற்றுத் தோலோடு தோலாகத் தைத்தார்கள். கழிவு தோலில் பட்டு வெந்து புண்ணாகிவிடும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிரயன் புரூக் என்ற அறுவை மருத்துவர், குடல் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை 1952இல் எழுதினார். இன்றும் அதுவே வழக்கம்.

ஒட்டும் பை வந்த வரலாறும் அறியத் தக்கது. டென்மார்க்கில் எலிசா சோரன்சன் என்று ஒரு செவிலியர். அவருடைய தங்கைக்கு ஸ்டோமா வைத்தார்கள். பை கசிந்துவிடுமோ என்று பயந்து அந்தப் பெண் வெளியே போகாமல் இருந்தார். தங்கைக்காக யோசித்து, தோலில் ஒட்டிக்கொள்ளும், பயன்படுத்தித் தூக்கி எறியக்கூடிய பையை 1954இல் அந்த அக்கா உருவாக்கினார். இன்று உலகமெங்கும் இலட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் பைகளுக்கு அதுவே முன்னோடி.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கழிவறையில் காலி செய்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை ஆகும். தோலில் ஒட்டும் தகட்டை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். வியர்வை அதிகமானால் அதற்கு முன்பே மாற்ற நேரும். தகட்டின் துளை ஸ்டோமாவின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். முதல் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஸ்டோமா சுருங்கும் என்பதால் அளவை மறுபடி எடுங்கள். தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும். எண்ணெயோ பவுடரோ பூசினால் தகடு ஒட்டாது. தகட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ வந்தால் கசிகிறது என்று பொருள். உடனே மாற்ற வேண்டும். பையோடு குளிக்கலாம். சரியாக ஒட்டிய பையிலிருந்து வாடை வெளியே வராது. பயன்படுத்திய பையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். கழிவறைக்குள் போடக் கூடாது. முதல் இரண்டு மாதம் கனமான பொருள் தூக்கக் கூடாது, குடலிறக்கம் வரும்.

தொழுகையும் நோன்பும்

"பை இருக்கும்போது நான் சுத்தமில்லையே, எப்படித் தொழுவது?" நம் சகோதரர்களை வாட்டும் கேள்வி இதுதான். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலே பள்ளியை விட்டவர்கள் உண்டு.

தொடர் உதிரப்போக்கால் வருந்திய ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டபோது, மாதவிடாய் நாட்கள் கழிந்த பின் அந்தப் போக்குக்காகத் தொழுகையை விடும்படி சொல்லப்படவில்லை. ஃபிக்ஹு நூல்களில் தடுக்க முடியாத போக்கு உள்ளவர்களுக்கான சட்டங்கள் இதையொட்டியே விரிவாக எழுதப்பட்டுள்ளன. தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் கழிவு வந்துகொண்டே இருக்கும் ஸ்டோமா உள்ளவர்களை ஆலிம்கள் இந்த வகையில் சேர்க்கிறார்கள். பையைக் காலி செய்து, தொழுகை நேரம் வந்த பின் ஒளுச் செய்து தொழ வேண்டும். இடையில் பையில் கழிவு வந்தாலும் தொழுகை முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் புதிய ஒளு. ஹனஃபீ மத்ஹபில் ஒரு வக்துக்கு ஒரு ஒளு, அந்த நேரம் முடியும் வரை. குளிப்பு, பயணம், ஹஜ் ஆகியவற்றின் விவரங்களை உங்கள் பள்ளி இமாமிடம் தனியாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அறுவைக்குப் பின் குனிய முடியாத வாரங்களில் நாற்காலியில் அமர்ந்து தொழலாம்.

நோன்பில் மிகுந்த கவனம் வேண்டும். இலியோஸ்டமி உள்ளவர் பகல் முழுவதும் தண்ணீரும் உப்பும் இழந்துகொண்டே இருப்பார். அறுவை முடிந்த முதல் மாதங்களில் நோன்பு ஆபத்து. நாளடைவில் உடல் தேறி, மருத்துவர் அனுமதித்து, நோன்பு நோற்பவர்களும் இருக்கிறார்கள். முடியாதவர் பிறகு முடியும் காலம் வந்தால் களாச் செய்யலாம். ஒருபோதும் முடியாது என்றால் ஃபித்யா உண்டு. "எல்லாரும் நோற்கிறார்கள், நான் மட்டும் எப்படி" என்று மறைவாக நோற்று மயங்கி விழுவதை மார்க்கம் கேட்கவில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியின் கழிவறைகளில் ஒன்றிலாவது மேற்கத்திய கோப்பை, கைக்குழாய், சாமான் வைக்க ஒரு சிறு பலகை, மூடியுள்ள குப்பைத் தொட்டி இருக்கட்டும். செலவு சிறிது. வயதானவர்களுக்கும் உதவும். பையுள்ள ஒரு சகோதரர் ஜும்ஆவுக்கு வருவதும் வராமலிருப்பதும் இந்த நான்கு பொருளில் நிற்கலாம்.

திருமணமும் குழந்தையும்

அறுவை செய்தவர்கள் நிகாஹ் செய்கிறார்கள், குழந்தை பெறுகிறார்கள். மலக்குடல் பகுதியில் செய்யும் அறுவைக்குப் பின், குறிப்பாக ஜே பவுச் வைத்த பெண்களில் சிலருக்குக் கருத்தரிப்பது தாமதமாகலாம். கருக்குழாய்களைச் சுற்றித் தழும்பு ஒட்டிக்கொள்வது ஒரு காரணம். ஆண்களில் சிலருக்கும் நரம்பு பாதிப்பால் தாம்பத்தியத்தில் சிரமம் வரலாம். எனவே மணமாகாத பிள்ளைகளுக்கும் இளம் தம்பதியருக்கும் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பேச வேண்டும். நோயை மறைத்து நிகாஹ் பேசுவது பிறகு இரு குடும்பத்துக்கும் வேதனை. சொல்லிச் செய்தால் மனப்பொருத்தம் உள்ள இடம் அமையும்.

வீட்டாரிடம் ஒரு வார்த்தை

அறுவை செய்தவர்களில் பலருக்கு முதல் மாதங்களில் மனச்சோர்வு வரும். கண்ணாடி பார்க்கப் பிடிக்காது, தூக்கம் வராது, பேச்சு குறையும். இது ஈமான் குறைவு அல்ல. உடல் பட்ட காயத்தின் ஒரு பகுதி. வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பை மாற்றுவதை நோயாளியோடு வீட்டில் இன்னொருவரும் மருத்துவமனையிலேயே கற்றுக்கொண்டு வாருங்கள். கணவன், மனைவி, உம்மா, ராத்தா யாராக இருந்தாலும் சரி. முதல் தடவை முகம் சுளிக்காமல் செய்து காட்டுங்கள். நோயாளி அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கென்று தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்க வேண்டாம். யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்ல வேண்டாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவருடைய இரகசியத்தைக் காப்பது அமானிதம். அதற்காக அவரையே மறைத்து வைப்பது அநீதி.

செலவு

அறுவைச் செலவு ஒரு தடவை வருவது. பைச் செலவு மாதந்தோறும் வருவது. அறுவைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். குடும்ப அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும். பைகளில் நம் நாட்டிலேயே தயாராகும் விலை குறைந்தவையும் உண்டு. செவிலியரிடம் கேட்டு இரண்டு மூன்று வகையைப் பயன்படுத்திப் பார்த்துப் பிறகு மொத்தமாக வாங்குங்கள். காசை மிச்சப்படுத்தக் கசியும் பையை டேப் ஒட்டிப் பயன்படுத்தினால், தோல் புண்ணுக்கான செலவு அதை விடக் கூடிவிடும்.

வசதியுள்ள சகோதரர்களுக்குச் சொல்வது: ஒருவரின் அறுவைக்கு மொத்தமாக உதவுவது பெரிய நன்மை. ஒருவருக்கு மாதந்தோறும் பை வாங்கித் தருவது சிறியதாகத் தோன்றும். ஆனால் அவர் வேலைக்குப் போவதும் தொழுகைக்கு வருவதும் அதனால்தான். உங்கள் ஸதகாவில் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

பை தேவைப்படுகிறவர்கள், அல்லது வீட்டில் இத்தகைய நோயாளி உள்ளவர்கள், அறக்கட்டளை அலுவலகத்துக்கு அஸர் தொழுகைக்குப் பின் வரலாம். பெண்கள் வீட்டுப் பெண்களோடு வரலாம். மனுவில் பெயரை முழுமையாக எழுத விரும்பாவிட்டால் எங்களிடம் வாயால் சொன்னால் போதும். பெயர் எங்களைத் தாண்டிப் போகாது, இன்ஷா அல்லாஹ். அலுவலகம் சாத்தும் நேரம் பார்த்து வரத் தேவையில்லை. விளக்கு எரியும்போதே வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் முழு ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.

செயலாளர்